கணுக்காலில் உளுத்த கம்பம்

மேட்டுப்பாளையத்திலிருந்து சிறுமுகைப் பக்கம் போனால், பவானிக் கரையோரம் வாழைத் தோட்டங்களும் பாக்குத் தோப்புகளும் வரும். அங்கே பழைய மரக்கம்பம் நட்ட வேலி எதையாவது பார்த்தால் ஒரு கம்பத்தைப் பிடித்து மெல்ல ஆட்டிப் பாருங்கள். சில கம்பங்கள் மளுக்கென்று ஒடிந்து கையோடு வரும். ஒடிந்த இடம் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கும்: மண்மட்டம். மேலே வெயிலிலும் மழையிலும் நின்ற பகுதி திடமாக இருக்கும். மண்ணைத் தோண்டி அடிக்கட்டையை எடுத்தால் அதன் நுனியும் பல சமயம் கெட்டியாகவே இருக்கும். நடுவில், கணுக்கால் போன்ற அந்த ஒரு சாண் மட்டும் மாவாக உதிர்ந்திருக்கும்.

மரம் ஒன்று, வயது ஒன்று, பெய்த மழையும் ஒன்று. பிறகு ஏன் அந்த ஒரு சாண் மட்டும்?

இதே ஊர்ப்பக்கத்துத் தொட்டிக்கட்டு வீடுகளில் இதற்கு நேரெதிரான காட்சி ஒன்று உண்டு. நடு முற்றம் வானத்துக்குத் திறந்தே இருக்கும். ஐப்பசி மழை முற்றத்தில் கொட்டும்போது சுற்றிலும் நிற்கும் மரத்தூண்கள் மேல் சாரல் அடிக்கும். ஆனாலும் பாட்டன் காலத்துத் தூண் இன்னும் நிற்கிறது. அதன் அடியைக் குனிந்து பார்த்தால் விடையின் பாதி தெரியும்: தூண் மண்ணைத் தொடவில்லை, ஒரு கல் பீடத்தின் மேல் உட்கார்ந்திருக்கிறது. வேலிக்கு மரத்தை நம்பாமல் கல்லுக்காலையும் கிளுவை உயிர்வேலியையும் வைத்துக்கொண்ட கொங்கு விவசாயிக்கும் இந்தக் கணக்கு தெரிந்திருந்தது.

இப்போது நீலகிரி மலை தெரியும்படி வீடு கட்டுகிறவர்கள் பின்பக்கம் ஒரு ‘டெக்’ கேட்கிறார்கள். பலகைகளை அடுக்கி, தரையிலிருந்து உயர்த்திக் கட்டும் திறந்தவெளித் திண்ணை அது. மரத்தளம் என்று சொல்வோம். மாலையில் நாற்காலி போட்டு, மேகம் மலையில் ஏறுவதைப் பார்த்தபடி காபி குடிக்கலாம். ஆனால் மூன்றாவது மழைக்காலத்தில் ஒரு பலகை காலடியில் அமுங்குகிறது. ‘எந்த மரம் வாங்கினால் கெடாது?’ என்றுதான் எல்லோரும் கேட்கிறோம். அனுபவமுள்ள ஆசாரியாக இருந்தால், ‘அடியில காத்துப் போகுதுங்களா?’ என்றுதான் முதலில் கேட்பார். அந்தக் கேள்வி ஏன் சரியானது என்பதுதான் இந்த அத்தியாயம்.

நான்கு கால் கட்டில்

மரத்தை உளுக்கச் செய்வது தண்ணீர் என்று நினைக்கிறோம். உண்மையில் தின்பது பூஞ்சை. கண்ணுக்குத் தெரியாத அதன் விதைத்துகள்கள் காற்றில் எங்கும் மிதக்கின்றன. மரத்தில் விழுந்த துகள் முளைத்து, நூலிழைகளாகப் பரவி, மரத்தின் சுவர்களைக் கரைத்து உண்கிறது.

அது வாழ நான்கு பொருள்கள் வேண்டும்: உணவு, மிதமான வெப்பம், காற்று, ஈரம். நான்கு கால் கட்டில் போல. ஒரு காலை எடுத்தாலும் கட்டில் சாய்ந்துவிடும். மரமே உணவு என்பதால் அந்தக் காலை எடுப்பது கடினம். மேட்டுப்பாளையத்து வெப்பத்தை நாம் குறைக்க முடியாது. எஞ்சியவை காற்றும் ஈரமும்.

காற்றை எடுத்தால் என்ன ஆகும் என்பதைக் கிணற்றில் பார்க்கலாம். கிணற்றின் அடியில் நெல்லிக்கட்டை போடும் வழக்கம் நம்மிடம் உண்டு. தண்ணீருக்குள்ளேயே கிடக்கும் கட்டை உளுக்காமல் பல ஆண்டுகள் இருக்கும். அங்கே ஈரம் ஏராளம், பூஞ்சை மூச்சுவிடத்தான் வழியில்லை. வெனிஸ் நகரத்துக் கட்டடங்களைப் பல நூற்றாண்டுகளாகச் சேற்றுக்குள் தாங்கி நிற்கும் மரக்கால்களும் இதே காரணத்தால்தான் நிற்கின்றன.

இப்போது வேலிக் கம்பத்துக்குத் திரும்புவோம். மேல் பகுதியில் காற்று உண்டு, ஆனால் மழை விட்டதும் ஈரம் காய்ந்துவிடும். ஆழத்தில் ஈரம் உண்டு, காற்று குறைவு. மண்மட்டத்தில்தான் இரண்டும் ஆண்டு முழுவதும் கைகோத்து நிற்கின்றன. பூஞ்சைக்குப் பந்தி அங்கே. கரையானுக்கும் அதுவே வாசல். மரம் நனைவதால் மட்டும் கெடுவதில்லை, நனைந்தது காயாதபோதுதான் கெடுகிறது.

வைக்கோல் கட்டும் இரண்டு டம்ளர் தண்ணீரும்

எவ்வளவு ஈரம் இருந்தால் ஆபத்து? இதற்கு மரத்தின் உள்ளமைப்பைச் சற்று எட்டிப் பார்க்க வேண்டும். ஒரு வைக்கோல் கட்டை நினைத்துக்கொள்ளுங்கள். மரமும் அப்படித்தான், வேரிலிருந்து இலைக்கு நீர் ஏறிய நுண்குழாய்களின் கட்டு. தண்ணீர் இதில் இரண்டு இடங்களில் இருக்கும்: குழாயின் சுவருக்குள் ஊறியது ஒன்று, குழாயின் உள்ளே நிரம்பியது மற்றொன்று. காயும்போது உள்ளே நிரம்பியது முதலில் போகும். சுவரில் ஊறியது மட்டும் மிஞ்சும் கட்டத்தை ‘இழைநிறைவு’ எனலாம். பெரும்பாலான மரங்களில், உலர்ந்த மரத்தின் எடையில் தண்ணீர் சுமார் 30 சதவீதம் இருக்கும்போது அது வரும்.

உளுக்கும் பூஞ்சைகள் செழிப்பது அந்த எல்லையை ஒட்டியும் அதற்கு மேலும்தான். எச்சரிக்கையாக 20 சதவீதத்துக்குக் கீழே வைத்திருந்தால் மரம் தப்பும் என்பது உலகெங்கும் கட்டடக்காரர்கள் பின்பற்றும் விதி. நம் ஊர்க் காற்றில் நன்கு காய்ந்த மரத்தில் ஏறக்குறைய 12 சதவீதம் இருக்கும்.

பன்னிரண்டு அடி நீளம், நான்கு அங்குல அகலம், ஒரு அங்குலக் கனம் உள்ள ஒரு தேக்குப் பலகையை எடுத்துக்கொள்வோம். எடை ஐந்தரைக் கிலோ அளவில் இருக்கும். 12 சதவீதத்திலிருந்து 20 சதவீதத்துக்கு ஏற அது குடிக்க வேண்டியது சுமார் 400 மில்லிலிட்டர், இரண்டு டம்ளர் தண்ணீர். ஒரு மழையில் ஒரு பலகையின் மேற்பரப்பு இவ்வளவையும் குடித்துவிடாது. மழை நின்று வெயில் வந்தால் குடித்ததைத் திருப்பிக் கொடுத்துவிடும். ஆனால் எங்கோ ஓர் இடுக்கில் தண்ணீர் நாள்கணக்கில் தங்கினால், பலகை முழுவதும் காய்ந்திருக்கும்போதே அந்த ஒரு அங்குலம் மட்டும் எல்லையைத் தாண்டிவிடும். அங்கே ஒரு ‘கணுக்கால்’ உருவாகிறது.

காழும் வெளிறும்

மரவகையில் ஒன்றுமே இல்லையா என்றால், உண்டு. ‘வைரம் பாய்ந்த கட்டை’ என்று மனிதரைக்கூடச் சொல்கிறோமே, அந்த வைரம்தான். மரத்தின் நடுப்பகுதி வயதாக ஆக நீர் கடத்தும் வேலையை நிறுத்திக்கொள்கிறது. அங்கே மரம் தன் காப்புப் பொருள்களைச் சேமிக்கிறது. தேக்கின் வைரத்தில் இருக்கும் குயினோன் வகை வேதிப்பொருள்கள் பூஞ்சைக்கும் கரையானுக்கும் ஆகாதவை. வெளியே உள்ள வெளுத்த பகுதி வெளிறு. உயிரோடு இருந்தபோது அதுதான் நீர் கடத்தியது, அதில் இந்தக் காப்பு இல்லை. தேக்கானாலும் வெளிறு வெளிறுதான்.

தொல்காப்பியத்தின் மரபியல் இந்த வைரத்தைக் ‘காழ்’ என்கிறது. உள்ளே காழ் உள்ளவை மரம், வெளியே காழ் உள்ளவை புல் என்று பிரிக்கிறது. அந்தக் கணக்கில் பாக்கும் பனையும் மூங்கிலும் புல் இனம். பனங்கையின் வெளிப்புறம் இரும்பாக இருந்து உள்ளே சோறாக இருப்பதை அறிந்தவர்கள் செய்த பிரிவினை அது. பாக்குத் தோப்பு பக்கத்திலேயே இருக்கிறதே என்று அதைப் பிளந்து தளம் போட நினைப்பவர்கள் நினைவில் வைக்க வேண்டிய பாடமும் அதுதான்.

மரங்களின் தாங்கும் திறனை அளக்க ஆய்வாளர்கள் ‘இடுகாட்டுச் சோதனை’ ஒன்று வைத்திருக்கிறார்கள். கட்டைகளைப் பாதி மண்ணில் புதைத்து, எத்தனை மாதம் தாங்குகின்றன என்று பார்ப்பார்கள். இந்திய வகைப்பாட்டில் சராசரியாக 120 மாதங்களும் அதற்கு மேலும் நின்றால் முதல் தரம், 60 முதல் 120 வரை இரண்டாம் தரம், அதற்கும் குறைந்தால் மூன்றாம் தரம். தேக்கின் வைரம் முதல் தரம், மாமரம் மூன்றாம் தரம்.

இந்த எண்ணைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். முதல் தரத்துக்கான தேர்ச்சி மதிப்பெண்ணே மண்ணில் பத்து ஆண்டுகள்தான். தொட்டிக்கட்டு வீட்டில் கல்மேல் நின்ற தூணோ தலைமுறைகளைத் தாண்டுகிறது. அந்த வித்தியாசத்தைக் கொடுத்தது மரவகை மட்டுமா, அடியில் இருந்த கல்லுமா?

மரக்கடையில் தேக்குப் பலகை பார்க்கும்போது விளிம்பில் வெளுத்த பட்டை ஓடுகிறதா என்று பாருங்கள். சிறுவயதில் வெட்டிய தோட்டத் தேக்கில் வெளிறு அதிகம். கோவை ஆர்.எஸ்.புரத்தில் 1902இல் தொடங்கிய காஸ் வன அருங்காட்சியகத்துக்குப் போனால் பல மரங்களின் மாதிரிகளைப் பக்கத்தில் வைத்துப் பார்த்துக் கண்ணைப் பழக்கிக்கொள்ளலாம்.

டேராடூனில் பிறந்த மருந்து

வைரம் இல்லாத மரத்துக்கு வெளியிலிருந்து வைரம் ஏற்ற முடியுமா? டேராடூன் வன ஆராய்ச்சி நிறுவனத்தில் 1933இல் சொண்டி காமேசம் என்ற இந்திய விஞ்ஞானி இதற்கு ஒரு வழி கண்டார். தாமிரம், குரோமியம், ஆர்சனிக் மூன்றின் உப்புகளையும் நீரில் கரைத்து, அழுத்தம் கொடுத்து மரத்துக்குள் செலுத்தினார். தாமிரம் பூஞ்சையைத் தடுக்கும். ஆர்சனிக் பூச்சிகளையும், தாமிரத்துக்கு அசராத பூஞ்சைகளையும் பார்த்துக்கொள்ளும். குரோமியம் இரண்டையும் மரத்தோடு கட்டிப்போட்டு, மழையில் கரையவிடாமல் வைக்கும். ‘அஸ்கு’ என்ற பெயரில் அது அமெரிக்காவரை போனது. பின்னாளில் உலகெங்கும் மின்கம்பங்களும் வீட்டு மரத்தளங்களும் இலேசான பச்சை நிறத்தில் நின்றதற்கு இந்த மருந்துதான் காரணம்.

ஆனால் ஆர்சனிக் நஞ்சு. குழந்தைகள் தவழும் தளத்தில் அது வேண்டாம் என்ற கவலையால் 2003ஆம் ஆண்டு முடிவோடு அமெரிக்காவில் வீட்டு உபயோக மரங்களுக்கு அதைச் சேர்ப்பதை உற்பத்தியாளர்கள் நிறுத்திக்கொண்டார்கள். இப்போது ஆர்சனிக் இல்லாத தாமிர மருந்துகள் வருகின்றன. மருந்தேற்றிய மரத்தின் துண்டு துணுக்குகளை மட்டும் அடுப்பில் போடாதீர்கள்.

பன்னிரண்டுக்குப் பத்து

இனி கட்டுவோம். மேட்டுப்பாளையத்தில் ஒரு வீடு, தரைமட்டத்திலிருந்து இரண்டு அடி உயரக் கடைக்கால். பின்சுவரை ஒட்டி 12 அடி நீளம், வெளியே 10 அடி நீட்டம் என்று ஒரு தளம். சுவருக்கு இணையாகப் பலகைகள், அவற்றுக்குக் கீழே குறுக்காகச் சட்டங்கள், அதற்கும் கீழே மூன்று உத்திரங்கள், உத்திரங்களைத் தாங்க ஒன்பது கான்கிரீட் பீடங்கள்.

முதல் கேள்வி தண்ணீருக்கு. ஐப்பசியில் ஓர் இரவு 50 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. இந்தத் தளத்தின் மேல் மட்டும் விழுவது சுமார் 560 லிட்டர். பதினைந்து லிட்டர்க் குடத்தால் அளந்தால் 37 குடம். விடியும்போது அது எங்கே இருக்க வேண்டும்? மண்ணுக்குள். மரத்தின் மேலோ மரத்துக்கு நடுவிலோ இருக்கக் கூடாது.

அதற்குத்தான் பலகைகளுக்கு இடையே சந்து. மிகக் குறுகலாக விட்டால் தண்ணீர் ஒழுகாது. இரண்டு கண்ணாடிச் சில்லுகளை ஒட்டிவைத்து நீரில் தொட்டால் நீர் இடையில் ஏறி நிற்குமே, அந்த நுண்புழை விசை தண்ணீரைச் சந்திலேயே பிடித்துவைக்கும். மிக அகலமாக விட்டால் நாற்காலிக்கால் மாட்டிக்கொள்ளும். 5 மில்லிமீட்டர் பொருத்தமான அளவு. பலகை அகலம் 100, சந்து 5 என்றால் 29 பலகைகளும் 28 சந்துகளும் சேர்ந்து 3,040 மில்லிமீட்டர், ஏறத்தாழ 10 அடிக்குக் கச்சிதம்.

இந்தச் சந்து நிலையாக இருக்காது. மரம் நீளவாக்கில் ஏறக்குறைய மாறாது. அகலவாக்கில் ஈரத்துக்கு வீங்கும், வெயிலுக்குச் சுருங்கும். இந்த அகலத்துக்குச் சுமார் ஒரு மில்லிமீட்டர் கூடும், குறையும். சித்திரையில் 6 ஆகும் சந்து கார்த்திகையில் 4 ஆகும். பச்சை மரத்தை வாங்கி நெருக்கமாக அடித்தவர் வீட்டில் வெயில் காலத்தில் விரலே நுழையும். உலர்ந்த மரத்தைச் சந்தே இல்லாமல் அடித்தவர் வீட்டில் மழைக்காலத்தில் பலகைகள் ஒன்றை ஒன்று நெருக்கி மேலே எழும்பும்.

உயரக் கணக்கையும் பார்ப்போம். தளத்தின் மேற்பரப்பு வீட்டுத் தரைக்கு ஒரு அங்குலம் கீழே. பலகை 1 அங்குலம், சட்டம் 3, உத்திரம் 5, ஆக 9 அங்குலம். உத்திரத்தின் அடி தரையிலிருந்து 14 அங்குலம் உயரத்தில் நிற்கும். மழைத்துளி மண்ணில் மோதித் தெறிப்பதைச் சுவரடியின் செம்மண் கறை காட்டும். அந்தக் கறைக்கு மேலே மரம் இருப்பதுதான் நல்லது. கான்கிரீட்டும் ஈரத்தை உறிஞ்சும் என்பதால் பீடத்துக்கும் உத்திரத்துக்கும் நடுவே துருப்பிடிக்காத உலோகத் தகடு வேண்டும். பழைய தூணின் கல் பீடத்துக்கு இது பேரப்பிள்ளை. கரையான் ஏற வேண்டுமானாலும் இந்தப் பீடத்தின் மேல் மண்குழாய் கட்டித்தான் ஏற வேண்டும். குனிந்து பார்த்தால் தெரிந்துவிடும்.

290 இடுக்குகள்

சட்டங்களை 16 அங்குல இடைவெளியில் வைத்தால் 12 அடிக்குப் பத்து சட்டங்கள். பலகைகள் 29. ஒவ்வொரு பலகையும் ஒவ்வொரு சட்டத்தின் மேலும் உட்காரும் இடங்களை எண்ணுங்கள்: 290. மரமும் மரமும் அழுந்தித் தொடும் 290 இடங்களிலும் தண்ணீர் போய்ப் பதுங்கும், வெயில் போகாது. தளத்தின் 290 கணுக்கால்கள் இவை. மேலே எவ்வளவு பளபளப்பாகப் பூச்சு அடித்தாலும் உளுக்கத் தொடங்குவது இங்கேதான்.

சட்டத்தின் முதுகில் தார்நாடா ஒட்டினால் திருகுத் துளை வழியே இறங்கும் நீர் சட்டத்துக்குள் போகாது. அல்லது சட்டத்துக்கும் பலகைக்கும் நடுவே சிறு ரப்பர் வில்லைகள் வைத்து இரண்டையும் பிரிக்கலாம். சட்டத்தை மட்டும் ஜி.ஐ. சதுரக் குழாயாக மாற்றுகிறவர்களும் உண்டு. பூஞ்சை இரும்பைத் தின்னாது. ஆனால் வெல்டு வைத்த இடத்தில் துத்தநாகப் பூச்சு எரிந்துபோயிருக்கும், அங்கே திரும்பப் பூசாவிட்டால் துரு தின்னும்.

பலகையின் இரு தலைகளையும் மறந்துவிடாதீர்கள். வைக்கோல் கட்டின் நுனி அது. குழாய்கள் வாய் திறந்து நிற்கும் இடம், பக்கவாட்டைவிடப் பல மடங்கு வேகமாக நீர் ஏறும். 29 பலகைக்கு 58 தலைகள். அறுத்தவுடனே மெழுகுக் கலவையோ கெட்டியான பெயிண்டோ பூசி வாயை மூட வேண்டும்.

இடத்துக்கு இரண்டு என்றால் 580 திருகுகள். காசு மிச்சம் பிடிக்க இரும்பாணி அடித்தால், துவர்ப்புள்ள மரங்களில் ஆணியைச் சுற்றிக் கறுத்த வட்டம் விழும். கடுக்காயும் அன்னபேதியும் சேர்ந்தால் மையாகும் அதே வேதியியல். ஆணி துருவேற மரமும் அதைச் சுற்றி நைந்துபோகும். கடலோரத்தில் 316 தர எவர்சில்வர் திருகு தேவைப்படும், கடல் காற்று எட்டாத மேட்டுப்பாளையத்துக்கு 304 போதும்.

கார்த்திகை நிழல்

இந்த ஊருக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு. மலை வடக்கிலும் வடமேற்கிலும் இருக்கிறது. மலையைப் பார்க்கும் தளம் வீட்டுக்கு வடக்கே அமையும். கோவை வட்டாரத்தின் ஆண்டு மழையில் ஏறக்குறைய பாதி வடகிழக்குப் பருவத்தில் பெய்கிறது. அதே மாதங்களில் சூரியன் தெற்கே சாய்ந்திருக்கும். நவம்பர் நடுவில் உச்சிவேளையிலும் அது தலைக்கு மேல் இருக்காது, சுமார் 30 பாகை தெற்கே நிற்கும். 12 அடிச் சுவரின் நிழல் அப்போது 7 அடி நீளம். நம் 10 அடித் தளத்தில் பெரும்பகுதி, மிகவும் நனையும் மாதத்தில், நண்பகலிலும் நிழலில் கிடக்கும்! ஜூனிலோ சூரியன் வடக்கே வந்துவிடுவதால் தளம் முழுக்க வெயில்.

ஆக வெயிலை நம்பாமல் காற்றை நம்ப வேண்டும். சுவருக்கும் முதல் பலகைக்கும் நடுவே ஒரு அங்குலம் விடுங்கள். தளத்தின் மூன்று பக்கமும் கீழே திறந்திருக்கட்டும். அழகுக்காகப் பலகை அடித்து மூடினால் அடியில் ஈரக்காற்று சிறைப்படும், பாம்புக்கும் குடியிருப்பு கிடைக்கும். அடித்தரையில் புல் முளைக்காமல் விரிப்புப் போட்டு ஜல்லி கொட்டி, தோட்டத்தின் பக்கம் சரிவு வைத்தால் 37 குடமும் தேங்காமல் ஓடிவிடும்.

பூச்சா, எண்ணெயா, பிளாஸ்டிக்கா?

வார்னிஷ் மரத்தின் மேல் ஒரு தோல். வெயிலின் புறஊதாக் கதிர் தோலை வெடிக்க வைக்கும், வெடிப்பு வழியே போன நீர் தோலுக்கடியில் மாட்டிக்கொள்ளும். பிறகு சுரண்டி எடுத்து மறுபடி பூச வேண்டும். ஊறிப்போகும் எண்ணெய்ப் பூச்சு உரியாது, ஆண்டுக்கொருமுறை துடைத்துத் தடவினால் ஆயிற்று. எதுவுமே பூசாமல் விட்டால் தேக்கு சாம்பல் நிறமாகும். மேல்தோலில் உள்ள லிக்னின் என்ற பசைப்பொருளை வெயில் சிதைப்பதால் வரும் நிறம் அது. பார்ப்பதற்கு நரைதான், நோய் இல்லை.

மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்த டபிள்யூ.பி.சி. பலகைகளுக்கு எண்ணெய் வேண்டாம். ஆனால் அவை ஈரத்தைவிட வெப்பத்துக்கு அதிகம் நீளும். பத்தடிப் பலகை குளிர்ந்த விடியலுக்கும் கொதிக்கும் பிற்பகலுக்கும் நடுவே சில மில்லிமீட்டர் நீளும். மரத்துக்குப் பக்கவாட்டில் விட்ட இடத்தை இதற்குத் தலைமாட்டிலும் விட வேண்டும். பங்குனி வெயிலில் வெறுங்காலை வைத்துப் பார்த்துவிட்டு வாங்குவது நல்லது.

ஓர் ஈர்க்குச்சி

நம் தளத்துக்குத் தேவைப்பட்ட மரம் மொத்தம் பதினெட்டு கன அடிக்குள். அதற்குப் பராமரிப்பு என்று ஆண்டுக்கு ஒரு நாள் போதும், புரட்டாசிக் கடைசியில், மழைக்கு முன்னால். மரவேலைக் கருவி எதுவும் வேண்டாம், தென்னந்துடைப்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள்.

பலகைச் சந்துகளில் ஆண்டு முழுவதும் வேப்பிலையும் தூசியும் விழுந்து மக்கியிருக்கும். மக்கிய இலை என்றால் மண், ஈரத்தைப் பிடித்துவைக்கும் மண். இரண்டு அடி உயரத்தில், கான்கிரீட் பீடத்துக்கு மேலே, நீங்கள் அவ்வளவு கணக்குப் பார்த்துத் தூக்கி நிறுத்திய மரத்துக்கு நடுவே அது ஒரு மண்மட்டத்தை உண்டாக்கிவிடுகிறது. அந்த இடத்தில் உங்கள் தளம் மறுபடியும் வேலிக் கம்பம்தான்.

துடைப்பத்திலிருந்து ஓர் ஈர்க்குச்சியை உருவிச் சந்துக்குள் விடுங்கள். 28 சந்துகளிலும் தடையில்லாமல் ஓடி மறுமுனை வரை போகிறதா? போனால் துடைப்பத்தை மூலையில் சாத்திவிட்டுக் காபிக்குச் சொல்லலாம். மழை வரட்டும்.